எழுநூற்றுப் பதினான்குக்கு ஏழு கடையா?

"ஏனுங் தோழர், வண்டி ஒண்ணு, நெம்பர் ஒண்ணு, ஆர்.சி. புக்கும் ஒண்ணுதான். ஏழு எடத்துல கேட்டேன். ஏழு வெலை சொல்றாங்க. இதுல எவன் யோக்கியன், எவன் திருடன்? நீங்களே சொல்லுங்!"

சூலூரிலே, திருச்சி சாலையோரத் தேநீர்க் கடையிலே, நம் முன்னே ஒரு துண்டுச் சீட்டை நீட்டியபடி இப்படிக் கேட்டார் ஒரு தோழர். மில் தொழிலாளி. அரை நைட் சிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. சீட்டு, மகனின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்தது. அதிலே பென்சிலால் ஏழு வரிகள்: 843, 843, 1,232, 1,258, 1,728, 1,987, 2,143. ஏழு விலை என்றாரே தவிர, எண்ணிப் பார்த்தால் ஆறுதான். ஆனாலும் ஒரே வண்டியின் இன்சூரன்சுக்கு எண்ணூற்றுச் சொச்சத்திலிருந்து இரண்டாயிரத்துக்கு மேல் வரை ஏறி இறங்கினால், உழைத்துப் பிழைக்கிறவன் வேறெப்படிக் கேட்பான்?

அவருடையது 125 சி.சி. வண்டி. 2019 ஆம் ஆண்டு வாங்கியது. வாங்கும்போதே ஐந்தாண்டுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டித்தான் சாவியைக் கொடுத்தார்கள். 2024 இல் அது முடிந்துபோயிற்று. முடிந்ததை நினைவூட்ட ஒருவரும் வரவில்லை. இவரும் காகிதத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. முந்தின நாள் காவலர் வண்டியை நிறுத்தி, கைப்பொறியில் எண்ணைத் தட்டிப் பார்த்தபோதுதான் சங்கதி வெளிப்பட்டது. தண்டம் 2,000 ரூபாய்! 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, முதல் முறை பிடிபட்டால் 2,000, மறுமுறை 4,000. மூன்று மாதம் வரை சிறைக்கும் வழி வைத்திருக்கிறார்கள். "ரெண்டாயிரம் போச்சுங்களே" என்று அவர் வருந்தினார். போனது இரண்டாயிரம்தான், போகாமல் தப்பியது எவ்வளவு என்பதை அவர் அப்போது அறியார்.

நாம் சொன்னோம்: "தோழர், இந்த ஏழு பேரில் பெரும்பாலோர் திருடர் அல்லர். ஏழு தொகைக்குள்ளும் ஒரே ஒரு தொகை ஒளிந்திருக்கிறது. அது 714 ரூபாய். எந்தக் கடைக்குப் போனாலும் அது 714 தான். ஒரு காசு குறையாது, கூடவும் கூடாது."

அவர் நம்பவில்லை. சந்தையிலே தக்காளிக்கே காலை ஒரு விலை, மாலை ஒரு விலை. இதற்கு மட்டும் ஒரே விலையா?

ஆம், ஒரே விலைதான். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் — நம் தொழிலாளர் வாயில் 'தேர்ட் பார்ட்டி' — கம்பெனி வைக்கும் விலை அன்று. அரசு அறிவிக்கும் விலை. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி, 75 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்கு ஆண்டுக்கு 538 ரூபாய். 75க்கு மேல் 150 வரை 714. 150க்கு மேல் 350 வரை 1,366. அதற்கும் மேலே 2,804. நம் ஊரில் சாக்கு மூட்டையும் பால் கேனும் சுமந்து திரியும் எக்ஸ்.எல். 100 வண்டிகூட 75ஐத் தாண்டிவிட்டதால், அதுவும் 714 வரிசைதான். 3 கிலோவாட்டுக்கு உட்பட்ட மின்சார ஸ்கூட்டருக்கு 457. இவற்றின் மேலே 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 714 என்பது 843 ஆவது அப்படித்தான். சீட்டிலே இரண்டு முறை வந்த 843, இந்த மொட்டைத் தொகை.

பிற நாடுகளில் இப்படி இல்லை. இங்கிலாந்திலே இருபது வயதுப் பையன் மோட்டார் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் கேட்டால், அவன் வயதென்ன, குடியிருக்கும் தெரு எது, முன்பு எத்தனை முறை மோதினான் என்றெல்லாம் விசாரித்து ஆளுக்கொரு விலை சொல்வார்கள். அங்கே கடை கடையாய் ஏறி இறங்குவதிலே பொருளுண்டு. இங்கே மூன்றாம் நபர் கட்டணத்துக்கு எஞ்சினின் கொள்ளளவு ஒன்றே அளவுகோல். சூலூர்த் தொழிலாளிக்கும் சென்னைச் செல்வந்தர் மகனுக்கும் 125 சி.சி. என்றால் 714. அந்த மட்டில் சமதர்மம்தான், போங்கள்!

சரி, இந்த 714ஐச் சட்டம் ஏன் கட்டாயமாக்கிற்று? வெள்ளையர் காலத்திலேயே, 1939 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்தக் கட்டாயம் எழுதப்பட்டது. 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வண்டிக்காரனைக் காப்பது அதன் முதல் நோக்கம் அன்று. வண்டி மோதி வீழ்கிறானே, நடந்து போகிறவன், சைக்கிளில் போகிறவன், அவன் குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது என்பதே நோக்கம். மோதியவன் ஏழையாக இருந்தால் இழப்பீட்டை யார் கொடுப்பது? கம்பெனி கொடுக்கட்டும் என்றார்கள்.

நம் தோழர்கள் இதனை ஒரு காகிதமாக மட்டுமே பார்க்கிறார்கள். காவலரிடம் காட்ட ஒரு காகிதம்! அந்தக் காகிதம் இல்லாதவன் கதி என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான், ஆனால் போடுகிற முறை கற்பனை அன்று. 2009 இல் சரளா வர்மா வழக்கிலும், 2017 இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த முறை.

35 வயது விசைத்தறித் தொழிலாளி ஒருவர். மாத வருமானம் 15,000. மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாய். நம் வண்டி மோதி அவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உயிரோடு இருந்தால் நாளை வருமானம் கூடியிருக்கும் அல்லவா? அதற்காக 40 விழுக்காடு சேர்க்கிறார்கள். 15,000 என்பது 21,000 ஆகிறது. தமக்கென்று அவர் செலவழித்திருக்கக் கூடியது நாலில் ஒரு பங்கு என்று கழிக்கிறார்கள். மிச்சம் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அவர் வயதுக்கு உரிய பெருக்கம் 16. பெருக்கினால் 30,24,000 ரூபாய்! முப்பது லட்சத்துக்கும் மேலே! ஈமச் செலவும் பிறவும் தனி. வழக்கு நடந்த காலத்துக்கு வட்டி தனி.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அந்த முப்பது லட்சத்தைக் கம்பெனி கட்டும். உயிரிழப்புக்கும் உடல் ஊனத்துக்கும் இத்தனை லட்சம்தான் என்ற வரம்பு மூன்றாம் நபர் பாலிசியில் கிடையாது. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால்? தீர்ப்பாயம் வண்டியின் சொந்தக்காரனை நோக்கி விரல் நீட்டும். அவனுடைய இரண்டு சென்ட் நிலமும் ஓட்டு வீடும் ஜப்திக்கு வரும். வண்டியும் மிஞ்சாது. இன்சூரன்ஸ் இல்லாமல் விபத்தில் சிக்கிய வண்டியை விடுவிக்கப் பிணை கட்டவேண்டும், மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் சேர்க்கவேண்டும் என்ற விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டுமென்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பணித்தது.

ஜப்தி செய்தும்கூட, இறந்தவர் குடும்பத்துக்கு முப்பது லட்சம் கிடைக்குமா? கிடைக்காது! ஓட்டு வீட்டை விற்றால் எவ்வளவு தேறும்? ஆக, மோதியவன் வீடும் போயிற்று, செத்தவன் வீடும் போயிற்று. இரண்டுமே தொழிலாளி வீடு. கார்க்காரனைவிட நம்மவனே நம்மவனை மோதும் சாலைகள் அல்லவா இவை! கலங்கலிலும் கண்ணம்பாளையத்திலும் சிப்ட் விடும் வேளையில் எதிரும் புதிருமாய் வருகிறவர் யார்? நீங்களும் நானும்தானே?

இந்த இடத்தில் நம் கோவைக்காரர் ஒருவரைக் குறிப்பிட்டாக வேண்டும். கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். நொறுங்கிய கால்களையும் முறிந்த முதுகெலும்புகளையும் நாள்தோறும் பார்த்துப் பார்த்து, வந்தவர்க்குக் கட்டுப் போட்டு அனுப்பினால் போதுமா என்று கருதியவர், 2012 இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் ஏறினார். அந்த வழக்கின் விளைவாக 2014 இல், ஓய்வு பெற்ற நீதியரசர் கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. 2018 ஜூலையில் அதே வழக்கிலே நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு என்ன தெரியுமா? சாலையில் ஓடும் 18 கோடி வண்டிகளில் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் உள்ளவை 6 கோடியே! மூன்றில் இரண்டு வண்டிகள் மொட்டை! ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்கிறார்கள், ஆகவே புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டுக்கும் காருக்கு மூன்றாண்டுக்கும் ஒரேயடியாக வாங்கிவிடுங்கள் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 2018 செப்டம்பர் 1 முதல் அதுவே நடைமுறை. நம் தோழர் 2019 இல் ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கட்டியது, நம் கோவை மருத்துவர் தொடுத்த வழக்கின் பயன்!

ஆனால் ஒன்று. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது மளிகைக் கடைக் கணக்கு. இங்கே அது தலைகீழ். 2022 அறிவிப்பின்படி 125 சி.சி. புது வண்டிக்கு ஐந்தாண்டுத் தொகை 3,851. ஆண்டுக்கு 714 வீதம் ஐந்தாண்டுக்குப் பெருக்கினால் 3,570 தானே வருகிறது? 281 ரூபாய் கூடுதல்! வருங்காலத்தில் கட்டணம் உயர்ந்தாலும் உமக்கு உயராது, அதற்கான விலை இது என்பார்கள். அது முழுப் பொய்யும் அன்று. 150 முதல் 350 சி.சி. வரிசைக்கு 2018 இல் 985, 2019 இல் 1,193, 2022 இல் 1,366 என்று ஏறியே வந்தது. ஆனால் உழைப்பாளர் ஓட்டும் 150க்கு உட்பட்ட வண்டிக்கு 2019 இல் 752 ஆக இருந்தது 2022 இல் 714 ஆக இறங்கிற்று. உயரும் என்று முன்பணம் வாங்கினார்கள். இறங்கியபோது திருப்பித் தந்தார்களா?

இதுவரை 714இன் கதை. "அப்ப எண்ணூத்து நாப்பத்து மூணைக் கட்டிட்டாப் போதுங்களா?" என்று தோழர் எழப் பார்த்தார். இருங்கள், தோழர்! உட்காருங்கள். இன்னொரு தேநீர் சொல்வோம்.

அந்த 843 யாரைக் காக்கிறது? எதிரே வருகிறவனைக் காக்கிறது. ஓட்டுகிற உம்மைக் காக்கிறதா? இல்லை! நாய் குறுக்கே ஓடி, நீரே சறுக்கி விழுந்து உயிர் போனால், மூன்றாம் நபர் பாலிசியிலிருந்து உம் வீட்டுக்கு ஒரு செப்புக் காசு வராது. நீர் மூன்றாம் நபர் அல்லர். நீர்தான் முதல் நபர்!

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம் ஈரோட்டு வழக்கு ஒன்றிலே நடந்தது. வாகன விபத்தில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு 14.65 லட்சம் கொடுக்கச் சொல்லி 2019 டிசம்பரில் ஈரோட்டுத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போயிற்று. "நாங்கள் கொடுத்தது மூன்றாம் நபர் பாலிசி, வண்டியில் இருந்தவருக்கு அதிலே இடமில்லை" என்றது. 2021 ஆகஸ்டில் தீர்ப்பாயத்தின் ஆணை தள்ளுபடியாயிற்று. அதே தீர்ப்பிலே, இனிமேல் விற்கும் புது வண்டிக்கெல்லாம் ஓட்டுகிறவர், உடன் வருபவர், சொந்தக்காரர் அனைவரையும் காக்கும் முழு இன்சூரன்ஸ் ஐந்தாண்டுக்குக் கட்டாயம் என்றும் உயர் நீதிமன்றம் கூறிற்று. நாடே பரபரத்தது. விற்பனையாளர் பதறினர். அடுத்த மாதமே, செப்டம்பரில், அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. கட்டாயம் போயிற்று. ஈரோட்டுக் குடும்பம் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்தக் கேள்விக்குப் பாதி விடை சட்டத்திலேயே வேறோர் இடத்தில் உண்டு. அதன் பெயர் சொந்தக்காரர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு. முன்பு இருசக்கர வண்டிக்கு 50 ரூபாய் கட்டினால் 1 லட்சம். ஒரு லட்சத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்? 2017 இல் சென்னை உயர் நீதிமன்றம் இதனை 15 லட்சமாக உயர்த்தவேண்டும் என்றது. 2018 செப்டம்பரில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 15 லட்சம், ஆண்டுக்கு 750 ரூபாய் என்று வைத்தது. 2019 முதல் அதனைத் தனியாகவும் விற்கலாம், விலையைக் கம்பெனிகளே குறிக்கலாம் என்று ஆயிற்று.

தோழரின் துண்டுச் சீட்டு இப்போது பேசத் தொடங்கிற்று! 1,728 சொன்னவர் யார்? 714உடன் 750 சேர்த்து, வரியும் போட்டவர். 1,232 சொன்னவர்? அதே 15 லட்சக் காப்பை 330 ரூபாய்க்குத் தருகிறவர். பொருள் ஒன்றே, வரியோடு 496 ரூபாய் வித்தியாசம்! இங்கேதான் கடை கடையாய் ஏறி இறங்க வேண்டும், தோழர்களே! 714க்கு ஏழு கடை ஏறுவது வீண். 15 லட்சத்துக்கு எழுபது கடை ஏறினாலும் தகும்.

இன்னொன்றும் கேளுங்கள். ஒருவர் பெயரில் இரண்டு வண்டி இருந்தால் இந்தக் காப்பு இரண்டு முறை வேண்டியதில்லை, ஒன்று போதும். வேறு வகையில் 15 லட்சத்துக்குக் குறையாத விபத்துக் காப்பு இருந்தாலும் இது வேண்டாம். நம் தோழரிடம் எக்ஸ்.எல். ஒன்றும் உண்டு. அதற்கும் இதற்குமாக ஆண்டுதோறும் இரண்டு காப்புக்குப் பணம் வாங்கிய ஏஜெண்ட் யார் என்று நாம் கேட்கவில்லை. கேட்டால் அவர் இன்றைக்கு சிப்டுக்குப் போகமாட்டார்!

சீட்டில் இருந்த 1,258தான் நமக்கு ஐயத்தைத் தந்தது. "ஃபுல் இன்சூரன்ஸ், ஆயிரத்து இருநூத்து ஐம்பத்தெட்டே ரூபாய்" என்று சொல்லியிருக்கிறார்கள். குறிப்பைப் பிரித்துப் பார்த்தோம். 714 உண்டு. வண்டிச் சேதத்துக்கு 352 உண்டு. வரி உண்டு. 15 லட்சக் காப்பு எங்கே? இல்லை! "விண்ணப்பதாரரிடம் வேறு காப்பு இருக்கிறது" என்ற கட்டத்தில் அவரைக் கேட்காமலேயே டிக் அடித்துவிட்டார்கள். வண்டியின் தகரத்துக்குக் காவல் உண்டு. வண்டியில் உட்காரும் மனிதனுக்குக் காவல் இல்லை. அதற்குப் பெயர் 'ஃபுல்'லாம்!

இனி அந்தச் சேதக் கணக்கு. வண்டி திருடுபோனால், தீப்பிடித்தால், வெள்ளத்தில் மூழ்கினால், மோதி நொறுங்கினால் ஈடு தரும் பகுதி இது. இதன் விலையும் ஒரு காலத்தில் ஒன்றாகவே இருந்தது. 1973 இல் 107 கம்பெனிகளை நான்காக்கி, பொது இன்சூரன்ஸ் துறையை அரசு எடுத்துக்கொண்டது. அந்த நான்கில் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா. 2000 ஆம் ஆண்டில் தனியார் மீண்டும் உள்ளே வந்தனர். 2007 ஜனவரி 1 முதல் சேத இன்சூரன்சுக்குக் கம்பெனிகளே விலை வைக்கலாம் என்று கட்டு அவிழ்ந்தது. பழைய கட்டணப் புத்தகத்தின்படி, கோவை போன்ற ஊரில், ஐந்தாண்டு கடந்த 150க்கு உட்பட்ட வண்டியின் மதிப்பில் 1.76 விழுக்காடு. இப்போது அதிலிருந்து பாதி, முக்கால் என்று தள்ளுபடி கொடுத்துப் போட்டி போடுகிறார்கள்.

தோழர் வண்டிக்கு 40,000 மதிப்பு என்று ஒருவர் எழுதினார். பழைய கணக்கில் 704. பாதி தள்ளினால் 352. அதனுடன் 714, 750, வரி — 2,143. இன்னொருவர் 1,987 சொன்னார். "நூத்தம்பத்தாறு ரூபா கம்மிங்க!" என்று தோழர் மகிழ்ந்தார். காகிதத்தைத் திருப்பிக் காட்டினோம். வண்டியின் மதிப்பை 25,000 என்று குறைத்து எழுதியிருந்தார் அந்த மனிதர். வண்டி திருடுபோனால் கையில் வருவது அந்த மதிப்புதானே? 156 ரூபாய் மிச்சம் பிடிக்க 15,000 ரூபாயை விட்டுக்கொடுப்பதா? சந்தையில் விலையைக் குறைத்துச் சொல்கிறவனின் தராசைப் பார்க்கவேண்டாமா?

சேதம் கேட்காமல் ஓட்டியவருக்குத் தள்ளுபடியும் உண்டு. முதலாண்டில் 20 விழுக்காடு. ஏறி ஏறி ஐந்தாண்டில் 50. இது வண்டியுடன் போவதில்லை, ஆளுடன் வருவது. பழைய வண்டியை விற்றுப் புதிது வாங்கினாலும் கொண்டுபோகலாம். ஆனால் முடிந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அத்தனையும் பாழ். நம் தோழருக்குப் பாழ்தான். அதோடு, இடையிலே அறுந்துபோன வண்டிக்குச் சேத இன்சூரன்ஸ் வேண்டுமென்றால், வண்டியைப் பார்த்த பிறகே தருகிற கம்பெனிகளும் உண்டு. 2019 செப்டம்பர் முதல் மூன்றாம் நபர் பாலிசி ஒரு கம்பெனியிலும் சேத பாலிசி வேறொரு கம்பெனியிலும் வாங்க வழி பிறந்தது. புது வண்டி வாங்கும்போது ஷோரூம்காரர் நீட்டும் பாலிசியைத்தான் வாங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எத்தனை தோழர்களுக்கு இது தெரியும்?

ஆறாண்டு ஓடிய வண்டிக்குச் சேத இன்சூரன்ஸ் தேவையா? நம் கருத்து: பணம் தட்டினால் அதனை விடலாம். தகரம் போனால் தகரம் வாங்கலாம். 15 லட்சத்தை மட்டும் விடக்கூடாது.

ஆளவந்தாரையும் ஒன்று கேட்டுவிட்டே மேலே செல்வோம். 714ஐக் கட்டாவிட்டால் தண்டம் என்கிறீர்கள். கட்டினால் அதன் தலையில் 18 விழுக்காடு வரி என்கிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் இன்சூரன்சுக்கும் மருத்துவ இன்சூரன்சுக்கும் ஜி.எஸ்.டி. இல்லை என்றீர்கள், வரவேற்கிறோம். 350 சி.சி. வரையிலான வண்டியின் மீதிருந்த வரியையும் 28இலிருந்து 18 ஆக்கினீர்கள், அதனையும் வரவேற்கிறோம். சட்டமே கட்டாயமாக்கிய, செத்தவன் குடும்பத்துக்குச் சோறு போடுகிற, இந்த எழுநூற்றுச் சொச்சத்தின் மீது மட்டும் வரி ஏன் அசையவில்லை? ஆண்டுக்கு 129 ரூபாய்தானே என்பீர்கள். அந்த 129ஐ நீக்கியிருந்தால் மொட்டை வண்டிகளில் சில லட்சமாவது இன்சூரன்சுக்குள் வந்திருக்காதா? நியூசிலாந்திலே 1974 முதல், வண்டி உரிமக் கட்டணத்தோடும் பெட்ரோலோடும் சேர்த்து ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, தவறு யாருடையது என்று பாராமல் அடிபட்டவரை அரசின் அமைப்பே பார்த்துக்கொள்கிறது. அங்கே முடிகிறது!

தோழர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாகிவிட்டிருந்தது. எழுந்தவர், நின்றார்.

"இன்னொண்ணுங். நோம்பி நொடின்னா எங்க வூட்டுல பின்னால உக்காந்துதான் வருவாங்க. அவங்களுக்கு?"

நல்ல கேள்வி! 2006 இல் திலக் சிங் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: சட்டம் கட்டாயமாக்கிய அளவுக்கு மட்டும் எடுத்த பாலிசி, பின்னால் சும்மா உட்கார்ந்து வருபவரைக் காக்காது. முழு பாலிசி எடுத்தால் பின்னிருக்கைக்காரர் அதில் அடங்குவார். 2012 இல் அதனையும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று. தகரத்துக்காக வேண்டாம் என்று சற்றுமுன் நாம் சொன்ன அந்த முழு பாலிசி, வீட்டுக்காரி அமரும் இருக்கைக்காக வேண்டும் போலிருக்கிறது. நம் கருத்தை நாமே மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று! மொட்டை பாலிசியும், 15 லட்சமும் என்று எழுதி வைத்திருந்த காகிதத்தை அடித்துவிட்டு, 330க்குக் காப்புத் தருகிறவரிடமே, 40,000 மதிப்புக்குக் குறையாமல், பின்னிருக்கை உண்டென்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, முழு பாலிசி கேட்கும்படி சொன்னோம். கணக்குப் போட்டால் 1,647 ரூபாய் வந்தது.

"பையன் ஓட்டுனா?"

வண்டி தோழர் பெயரில். மகன் கல்லூரிக்கு அதைத்தான் ஓட்டிப்போகிறான். 15 லட்சம் சொந்தக்காரருக்கே. அதுவும் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உள்ள சொந்தக்காரருக்கு. மகனுக்கு இல்லை. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் சொந்தக்காரரின் இடத்தில் நிற்கிறார், ஆகவே அந்த வண்டியின் கம்பெனியிடம் மூன்றாம் நபராகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009 இலும் 2020 இலும் கூறியிருக்கிறது. நம் வீடுகளில் பாதி வண்டி அப்பன் பெயரில், ஓட்டுகிறவன் மகன்!

அவனுக்கென்று பெரிய காப்பு தனியாக வாங்க இந்த மாதச் சம்பளம் இடம் தராது என்றார் தோழர். வங்கியிலே ஒரு திட்டம் இருக்கிறது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்று பெயர். பெயர் நம் வாயில் நுழையாவிட்டாலும் கட்டணம் நம் பையில் நுழையும். 2022 ஜூன் முதல் ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனால் 2 லட்சம். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள எவரும் சேரலாம். இரண்டு லட்சம் பதினைந்து லட்சம் ஆகாது. என்றாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். மகனுக்கு ஒன்று, வீட்டுக்காரிக்கு ஒன்று.

தோழர் சீட்டின் பின்புறத்தில் 1,647 என்று எழுதி, அதன் கீழே 20, மறுபடியும் 20 என்று எழுதிக் கூட்டினார். 1,687. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தண்டங் கட்டுன காசை விடக் கம்மியாத்தான் வருதுங்" என்றார்.

வங்கி மூடுவதற்குள் படிவம் வாங்கவேண்டுமென்று வேகமாக நடந்தார். வண்டியை எடுக்கவில்லை, பாலிசி கைக்கு வரும்வரை கடையோரத்திலேயே நிற்கட்டும் என்று சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, மில்லுக்கு டவுன் பஸ்ஸில் போவதாகச் சொல்லிப் போனார். இரண்டு தேநீருக்கும் காசு நம் கணக்கில்.